விண்ணப்பம் அ, விண்ணப்பம் ஆ

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று யாராவது கேட்டால் என் கணவர் முந்திக்கொண்டு, "ஆராய்ச்சியில இருக்கா" என்பார். கேட்டவரின் கண் விரியும். என்ன ஆராய்ச்சி என்று அடுத்த கேள்வி வரும். அங்கேதான் நாங்கள் இருவரும் மாட்டிக்கொள்வோம். ஏனென்றால் நான் ஆராய்ச்சி செய்கிறவள் இல்லை. ஆராய்ச்சி செய்கிறவர்கள் எந்தப் பக்கத்தில் கையெழுத்துப் போட மறந்தார்கள் என்று கண்டுபிடிக்கிறவள்.

பல்கலைக்கழகத்தில் எங்கள் பிரிவுக்கு ஆராய்ச்சி நிர்வாக அலுவலகம் என்று பெயர். விஞ்ஞானிக்கு ஒரு யோசனை வரும். யோசனைக்கு நிதி வேண்டும். நிதி கொடுக்கிறவர்கள் நாற்பது பக்கப் படிவம் ஒன்றை வைத்திருப்பார்கள். அந்தப் படிவத்துக்கும் யோசனைக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பவர்கள் நாங்கள். எலிகளை வைத்துச் சோதிக்க அனுமதி வாங்கியாயிற்றா, மூன்று பக்கம் என்று கேட்டால் மூன்றே கால் பக்கம் எழுதியிருக்கிறாரா, போன வருடம் ஓய்வு பெற்றவரின் பெயர் இன்னும் குழுவில் இருக்கிறதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்போம். மாலை ஐந்து மணிக்குக் கெடு என்றால் ஐந்து மணிதான். ஐந்து ஒன்றுக்கு அனுப்பினால் உலகத்தையே மாற்றும் யோசனையும் குப்பைக்குத்தான் போகும்.

இதில் வெளியே சொல்லாத ஒரு வேலையும் உண்டு. எல்லாப் படிவத்திலும் 'இந்த ஆராய்ச்சியால் சமூகத்துக்கு என்ன பயன்' என்று ஒரு பகுதி இருக்கும். விஞ்ஞானிகளுக்கு அந்த இடத்தைக் கண்டாலே காய்ச்சல் வந்துவிடும். காலியாக விட்டு, 'மற்றதைப் பார்த்துக்கொள்ளவும்' என்று எங்களுக்கு அனுப்பிவிடுவார்கள். நாங்கள் பார்த்துக்கொள்வோம். இருபத்து மூன்று வருடத்தில் எத்தனை சமூகப் பயன்களை எழுதியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஒன்றிலும் என் பெயர் இருந்ததில்லை. ஒருமுறை ஒரு பெரிய ஆய்வறிக்கையின் நன்றிப் பட்டியலை ஆசையாகப் புரட்டினேன். ஆய்வகத்துக் குளிர்பெட்டியைப் பழுது பார்த்தவரின் பெயர் இருந்தது. என் பெயர் இல்லை.

எங்களைப் போன்ற ஆட்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அதனால் எங்களுக்கென்று ஒரு சங்கம் உண்டு. லாப நோக்கமில்லாத, முறையாகப் பதிவு செய்யப்பட்ட சங்கம். மூக்குக் கண்ணாடிக் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் இரண்டு அறைகள், ஒரு நீள மேசை, ஏழு நாற்காலிகள். ஆறு நாற்காலிகள் ஒரே மாதிரி இருக்கும். ஏழாவது ஏதோ பல் மருத்துவமனையிலிருந்து வந்தது போல உயரமாக இருக்கும், அது செயலாளருக்கு. ஒன்பது வருடமாக நான்தான் செயலாளர்.

சுவரில் இதுவரை இருந்த ஐந்து தலைவர்களின் படங்கள் மாட்டியிருக்கின்றன. ஐந்து பேரும் விஞ்ஞானிகள். நிர்வாகிகளின் சங்கத்துக்கு ஒரு நிர்வாகிகூடத் தலைவராக இருந்ததில்லை. இது எங்களுக்கு ஒருநாளும் வேடிக்கையாகத் தெரியவில்லை என்பதுதான் வேடிக்கை. எங்கள் துணைத்தலைவர் ஓர் ஆராய்ச்சி நிலையத்தின் நிர்வாகி. அவர் ஒவ்வொரு முறையும் ஒரே வாதத்தை வைப்பார்: விஞ்ஞானி போய் நின்றால் கதவு திறக்கும், நாம் போய் நின்றால் யார் திறப்பார்கள்? இதை அவர் சொல்லிச் சொல்லி, அவருக்குக் கதவு என்றே பெயர் வைத்துவிட்டோம். முகத்துக்கு நேரே சொல்வதில்லை.

மற்றவர்களையும் சொல்லிவிடுகிறேன். இப்போதைய தலைவர் மண்ணியல் பேராசிரியர். கூட்டம் தொடங்கிப் பத்தாவது நிமிடத்தில் தூங்கிவிடுவார், தேநீர் வந்ததும் தானாக எழுந்துவிடுவார். ஆராய்ச்சி நெறிமுறைக் குழுக்களுக்கு வேலை பார்க்கும் ஒரு பெண்மணி இருக்கிறார், அவரை நான் அக்கா என்பேன். சங்க விதிகளைக் கரைத்துக் குடித்த ஒருவர் இருக்கிறார். சாப்பிட்டீர்களா என்று கேட்டால்கூட எந்த உட்பிரிவின் கீழ் என்று கேட்பவர், அதனால் அவர் உட்பிரிவு. இரண்டு மருத்துவமனைகளிலிருந்து இரண்டு பேர் வருகிறார்கள். அவர்கள் ஒன்றாக வருவார்கள், ஒரே பிஸ்கட்டைப் பாதியாக உடைத்துக்கொள்வார்கள், எப்போதும் ஒரே பக்கம் ஓட்டுப் போடுவார்கள். அவர்களை இரட்டையர் என்போம். ஏழாவது நான்.

எங்கள் சங்கத்தில் யாரும் எந்தப் பதவிக்கும் ஆசைப்படுவதில்லை. அது வழக்கம். நண்பர்கள் வற்புறுத்துவார்கள், நேரமில்லை என்று மறுப்பார், மறுபடி வற்புறுத்துவார்கள், சரி உங்களுக்காக என்று ஒப்புக்கொள்வார். எனக்கு வேண்டும் என்று ஒருவர் சொல்லி நான் கூட்டக் குறிப்பில் எழுதியதே இல்லை. கதவுகூடத் துணைத்தலைவர் பதவியை நாலு முறை வேண்டாம் என்று சொல்லித்தான் நாலு முறையும் வாங்கிக்கொண்டார்.

எனக்கோ ஆசை. வெட்கமில்லாமல் சொல்கிறேன், தலைவர் பதவி எனக்கு வேண்டும் என்று இரண்டு வருடமாக ஆசை. அடிபட்டவர்களுக்குத்தான் எங்கே மருந்து போட வேண்டும் என்று தெரியும். தவிர, ஒரு தாளிலாவது 'தலைவர்' என்று அச்சிட்ட இடத்துக்கு மேலே என் பெயரைப் பார்க்க வேண்டும். இது அற்ப ஆசை என்றால் அற்ப ஆசையாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

தலைவரைத் தேர்ந்தெடுக்க எங்களுக்கு ஒரு முறை இருக்கிறது. வேறு எந்தச் சங்கத்திலும் இந்தக் கூத்து இருக்காது. நிதி விண்ணப்பங்களை எப்படி மதிப்பிடுவார்களோ அப்படியே தலைவரையும் மதிப்பிடுவோம். போட்டியிடுகிறவர் படிவத்தோடு, சங்கத்துக்கு என்ன செய்வேன் என்று இரண்டு பக்க அறிக்கை கொடுக்க வேண்டும். செயலாளர் பெயர்களை நீக்கி 'விண்ணப்பம் அ', 'விண்ணப்பம் ஆ' என்று குறியிட வேண்டும். குழுவில் உள்ளவர்கள் யார் எழுதியது என்று தெரியாமல் நூற்றுக்கு மதிப்பெண் போடுவார்கள். இதுவரை ஒவ்வொரு முறையும் ஒரே விண்ணப்பம்தான் வந்தது. யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் பெயரை மறைத்து, படு ரகசியமாக மதிப்பெண் போட்டோம்.

இந்த முறை கெடுவுக்கு ஒரு வாரம் முன்பே என் விண்ணப்பத்தை எழுதிக் கோப்பில் வைத்துவிட்டேன். கணவரைத் தவிர யாருக்கும் சொல்லவில்லை. கதவு ஒரு பேராசிரியரை வற்புறுத்திக்கொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். பூஞ்சைகளை ஆராய்பவர், எங்கள் பல்கலைக்கழகத்திலேயே மூன்றாவது கட்டடத்தில் இருப்பவர். காளான் டாக்டர் என்போம். அவர் விண்ணப்பம் வரவே வராது என்று நான் நிம்மதியாக இருந்தேன். அந்த மனிதர் தன் கல்யாணத்துக்கே பதிவு அலுவலகம் மூடிய பிறகு போய் நின்றவர்.

கெடு நாளில் மூன்று மணி பத்து நிமிடத்துக்கு அவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது.

திறந்து பார்த்தேன். இரண்டு பக்க அறிக்கை அரைப் பக்கம் இருந்தது. அதுவும் அவருடைய பழைய நிதி விண்ணப்பத்திலிருந்து வெட்டி ஒட்டியது. எனக்கு அது நன்றாகவே தெரியும், அந்த விண்ணப்பத்தைத் திருத்தியவள் நான். பூஞ்சை என்று வந்த இடத்தில் எல்லாம் கணினியைக் கொண்டு 'உறுப்பினர்கள்' என்று மாற்றியிருந்தார். 'உறுப்பினர்களை இருட்டான, ஈரப்பதம் மிகுந்த இடத்தில் வைத்து, அவர்கள் பெருகும் வேகத்தை மூன்று ஆண்டுகளுக்கு அளப்போம். தேவையற்ற உறுப்பினர்களைச் சுரண்டி அகற்றுவோம்' என்று இருந்தது. பதவிக்காலக் கட்டம் காலி. கையெழுத்து இல்லை. கீழே ஒரு வரி: மற்றதைப் பார்த்துக்கொள்ளவும்.

சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் எதுவும் செய்ய வேண்டியதில்லை. ஐந்து மணி வரை தேநீர் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும். கையெழுத்தில்லாத விண்ணப்பம் செல்லாது. போட்டியில் நான் ஒருத்திதான் இருப்பேன்.

மூன்றேகாலுக்கு ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தினேன். அது கண்ணை உறுத்தியது, அவ்வளவுதான். பிறகு பதவிக்காலக் கட்டத்தை நிரப்பினேன். காலியான கட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார எனக்கு வராது. பிறகு அந்தச் சுரண்டி அகற்றுவதை எடுத்தேன். அதை எடுத்தால் அந்தப் பத்தி நிற்கவில்லை. பத்தியை எடுத்தால் அறிக்கையே இல்லை. மூன்றரைக்கு நான் ஒரு புதுப் பக்கத்தைத் திறந்து, மேலே அவர் பெயரைப் போட்டு, எழுத ஆரம்பித்திருந்தேன்.

ஏன் என்று கேட்காதீர்கள். அன்றைக்கு நானே என்னைப் பத்துத் தடவை கேட்டேன். மண்டையில் ஒருத்தி 'அடி பைத்தியமே, கையை எடு' என்று கத்திக்கொண்டிருந்தாள். கையோ கேட்கவில்லை. என் மேசையைத் தாண்டி ஒரு விண்ணப்பம் அரைகுறையாகப் போனதில்லை. என் எதிரியின் விண்ணப்பமாக இருந்தாலும் போகக் கூடாது என்று கை தானாக முடிவு செய்துவிட்டது.

நாசமாய்ப் போக, நன்றாகவும் வந்தது. நிர்வாகிகளின் கைக்கு நிதி விண்ணப்பம் கெடுவுக்கு இரண்டு வாரம் முன்பே வர வேண்டும், வராவிட்டால் அதைத் தொட மாட்டோம் என்று மறுக்கும் உரிமை அவர்களுக்கு வேண்டும், இதை எல்லாப் பல்கலைக்கழகங்களும் ஏற்கும் வரை சங்கம் ஓயாது என்று எழுதினேன். ஒவ்வொரு விண்ணப்பத்தின் முகப்பிலும் அதைச் சீர்செய்த நிர்வாகியின் பெயர் இருக்க வேண்டும் என்று எழுதினேன். ஓட்டமாக இரண்டு பக்கம். எங்கும் நிறுத்தவில்லை.

நாலே கால் ஆனபோது காளான் டாக்டரைத் தொலைபேசியில் பிடித்தேன். அவர் கிருமிகள் புகாத அறையில் இருப்பதாகவும், வெளியே வர முடியாது என்றும் சொன்னார். தாள்களில் மஞ்சள் ஒட்டுக்காகிதங்களைக் கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் ஒட்டிக்கொண்டு மூன்றாவது கட்டடத்துக்கு ஓடினேன். பிளாஸ்டிக் அங்கி, தொப்பி, கால் உறை எல்லாம் மாட்டிக்கொண்டு உள்ளே போனேன். அவர் அன்பாகச் சிரித்து, எங்கே எங்கே போட வேண்டும் என்று மட்டும் கேட்டார். மஞ்சள் இருந்த மூன்று இடத்திலும் போட்டார். மூன்றாவது இடம் உறுதிமொழி. 'இந்த அறிக்கை முழுவதும் நானே எழுதியது, பிறர் உதவி பெறவில்லை' என்று அதில் இருந்தது. அவர் படிக்கவில்லை. நான் படித்தேன். படித்தும் ஒட்டுக்காகிதத்தை ஒட்டியவள் நான்தான். நாலு ஐம்பத்திரண்டுக்குப் பதிவேட்டில் ஏற்றினேன்.

அன்று மாலை வீட்டில் கணவரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். இருபது வருடம் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பழகிப்போய், அடுத்தவர் காரில் போனாலும் அவர் கால் இல்லாத பிரேக்கை அழுத்தும். அதனால் அவருக்கு என் நிலைமை உடனே புரிந்தது. புரிந்ததற்காக என்னைத் திட்டாமல் விடவில்லை. எதிராளிக்கு வண்டியைத் துடைத்து, எண்ணெய் ஊற்றி, சாவியையும் கையில் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாயே என்றார்.

கல்லூரிக் கடைசி வருடத்தில் இருக்கும் என் மகள் இரண்டு அறிக்கையையும் கேட்டாள். ரகசியம் காக்க வேண்டிய செயலாளர் சாப்பாட்டு மேசையில் இரண்டையும் பெயரில்லாமல் எடுத்து வைத்தேன். படித்து முடித்து, காளான் டாக்டருடையதைத் தூக்கிக் காட்டினாள்.

"இதுதாம்மா. இதை எழுதினவங்களுக்கு என்ன வேணும்னு தெரியுது. இன்னொண்ணு மன்னிப்புக் கடிதம் மாதிரி இருக்கு."

நான் என்னுடையதை எடுத்துப் பார்த்தேன். 'இயன்றவரை' என்று நாலு இடத்தில் இருந்தது. 'தகுதியில்லாத எனக்கு வாய்ப்பளித்தால்' என்று ஒன்று. 'மூத்தவர்களின் வழிகாட்டுதலோடு' என்று இரண்டு. இரண்டு வார விதி இருந்தது, ஆனால் 'பரிசீலிக்கலாம்' என்று இருந்தது. ஒரு வாரம் உட்கார்ந்து எழுதியது அது. இன்னொருவர் பெயரைப் போட்டுக்கொண்டதும் முக்கால் மணி நேரத்தில் துணிச்சல் வந்திருக்கிறது.  கெடு முடிந்துவிட்டது, இனி ஒரு எழுத்தையும் மாற்ற முடியாது.

அடுத்த சனிக்கிழமை பதினோரு மணிக்குக் கூட்டம். எனக்கு மதிப்பெண் போடும் உரிமை கிடையாது, தாள்களைச் சேகரித்துக் கூட்டிச் சொல்வதுதான் வேலை. ஆறு பேரும் இரண்டு அறிக்கைகளையும் படித்தார்கள். முதல் முறையாக இரண்டு விண்ணப்பம் வந்த மகிழ்ச்சியில் உட்பிரிவு பென்சிலைச் சீவிக்கொண்டே இருந்தார். அக்கா ஒன்றைப் படித்துவிட்டு, மேசையைத் தட்டி, இப்படியல்லவா எழுத வேண்டும் என்றார். அவர் கையில் இருந்தது 'அ'. நான் உயரமான நாற்காலியில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் எழுத்தை ஒரு அறை முழுக்கப் பாராட்டுவதை அன்றைக்குத்தான் முதல் தடவை கேட்கிறேன், அது என்னைத் தோற்கடித்துக்கொண்டிருந்தது.

கூட்டிச் சராசரி எடுத்தேன். 'அ' எண்பத்தேழு. 'ஆ' எழுபத்தொன்று. பெயர்களை வாசித்தேன். அ, காளான் டாக்டர். ஆ, செயலாளர்.

 இரட்டையரில் ஒருவர் பிஸ்கட்டை வாயருகே கொண்டுபோய் நிறுத்தினார். தலைவர் கண் விழித்து, என்னைப் பார்த்து வாழ்த்துக்கள் என்றார். கதவு அவர் தோளைத் தொட்டு, வாழ்த்து வேறொருவருக்கு என்று புரியவைத்தார். பிறகு என்னைப் பார்த்து, நம் செயலாளரும் போட்டிருக்கிறார்களா, சொல்லவே இல்லையே என்று சிரித்தார். பக்கத்து வீட்டுக் குழந்தை மாறுவேடப் போட்டியில் ராஜாவாக வந்ததைப் பார்த்தவர் மாதிரியான சிரிப்பு. எனக்கு உள்ளே பற்றிக்கொண்டு வந்தது.

கதவு வரச்சொன்னதால் கீழே காத்திருந்த காளான் டாக்டரை அழைத்து வந்தார்கள். காத்திருந்த நேரத்தில் கண்ணாடிக் கடையில் கண்ணைச் சோதித்து, ஒரு கண்ணாடிக்கும் சொல்லிவிட்டு வந்திருந்தார். எல்லோரும் கைதட்டினார்கள். உட்பிரிவு மரியாதையாக ஒரு கேள்வி கேட்டார். இரண்டு வார விதியைப் பல்கலைக்கழகங்கள் ஏற்காவிட்டால் என்ன செய்வதாக உத்தேசம்?

டாக்டர் அறிக்கையை வாங்கி, தூரத்தில் வைத்து, முதல் முறையாகப் படித்தார். நிதானமாக இரண்டு பக்கமும் படித்தார். நல்ல யோசனைதான், ஆனால் தன்னைப் போன்றவர்கள் பாடு திண்டாட்டம் என்றார். பிறகு வெகு இயல்பாக என் பக்கம் திரும்பினார்.

"மேடம், இதை எப்படிச் செய்யப் போறோம்?"

நானும் பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். முதலில் பெரிய பல்கலைக்கழகங்கள் மூன்றைப் பிடிக்க வேண்டும், நிதி கொடுக்கிறவர்களையே அந்த விதியைப் படிவத்தில் சேர்க்கச் சொல்ல வேண்டும் என்று இரண்டு வாக்கியம் போன பிறகுதான் எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள் என்று உறைத்தது. வாயை மூடினேன்.

உட்பிரிவு பென்சிலைக் கீழே வைத்தார். "இதை எழுதினது யாரு?"

"மேடம்தான்," என்றார் டாக்டர். "வேற யாரு எழுதுவா?"

அவர் குரலில் துளி குற்ற உணர்ச்சி இல்லை. மழை மேலேயிருந்து பெய்யும் என்று சொல்வது போலச் சொன்னார். அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும்.

என்ன நடந்தது என்று நானே சொன்னேன். உறுதிமொழியைத் தெரிந்தேதான் கையெழுத்து வாங்கினேன், தப்பு என்னுடையதும்தான் என்று சொன்னேன். டாக்டர் உறுதிமொழியை அப்போதுதான் படித்தார். முகம் சிவந்து, இது எனக்குத் தெரியாது, மன்னித்துவிடுங்கள் என்று என்னிடம்தான் சொன்னார். பிறகு கதவைப் பார்த்து, இவர்கள் இருக்கும்போது என்னை எதற்கு வற்புறுத்தினீர்கள் என்று கேட்டார். 

உட்பிரிவுக்கு அது பொன்னான நேரம். விதிப் புத்தகத்தை விரித்தார். பொய்யான உறுதிமொழி, ஆகவே 'அ' செல்லாது. போட்டியாளருக்கு எழுதிக் கொடுத்து உதவிய இன்னொரு போட்டியாளருக்கு என்ன தண்டனை என்று தேடினார். இல்லை. அப்படி ஒரு பிறவி இருக்கும் என்று விதி எழுதியவர்கள் நினைத்துப் பார்க்கவில்லை. ஆகவே 'ஆ' நிற்கிறது. ஒரே விண்ணப்பம் மிஞ்சினால் குழுவில் உள்ள ஏழு பேரில் நாலு பேர் கை தூக்கி ஏற்க வேண்டும். நாலு கிடைக்காவிட்டால் ஒரு மாதம் கழித்துப் புது அழைப்பு.

கதவு இதற்குள் சுதாரித்துக்கொண்டார். அவர் கெட்டிக்காரர். குரலை இறக்கி, குடும்பத்துப் பெரியவர் மாதிரி பேசினார்.

"இதை ஏன் பெரிசு பண்ணணும்? ஒரு மாசம் போகட்டும், டாக்டர் ஒழுங்கா ஒரு விண்ணப்பம் போடட்டும். அவர் தலைவரா இருக்கட்டும், நீங்க எழுதுங்க. இப்பவும் அப்படித்தானே நடக்குது? உங்க திறமை இல்லாம இந்தச் சங்கமே இல்லைம்மா. ஆனா வெளியில நம்ம பேரைச் சொன்னா யாரு கதவைத் திறப்பா?"

இரட்டையர் இருவரும் தலையாட்டினார்கள். தலைவரும் ஆட்டினார், தூக்கத்திலா விழித்தா தெரியவில்லை. என்னைக் கொன்றது அந்த வாதம் இல்லை. அதில் ஒரு பாதி எனக்குள்ளேயும் உட்கார்ந்திருந்தது என்பதுதான். இல்லாவிட்டால் என் பெயரில் எழுதும்போது நாலு 'இயன்றவரை' எங்கிருந்து வந்தது?

நான் உயரமான நாற்காலியிலிருந்து இறங்கி நின்றேன். வழக்கப்படி, இந்த இடத்தில் நான் எனக்கு ஒன்றும் வேண்டாம், சங்கம் நன்றாக இருந்தால் போதும் என்று சொல்ல வேண்டும். எல்லோரும் அதற்குத்தான் காத்திருந்தார்கள். கதவு ஆறுதல் சொல்ல முகத்தைக்கூடத் தயாராக வைத்திருந்தார்.

"எனக்கு இந்தப் பதவி வேணும்," என்றேன். "யாரும் வற்புறுத்தல. நானேதான் கேக்கறேன். ரெண்டு வருஷமா ஆசை. நீங்க எண்பத்தேழு போட்டீங்களே, அது நான். எழுபத்தொண்ணு போட்டீங்களே, அதுவும் நான்தான். ஆனா எழுபத்தொண்ணை எழுதினவ பயந்துகிட்டு எழுதினா. அவ இனிமே எழுத மாட்டா. இன்னொருத்தர் கையெழுத்துக்கு நான் இனிமே எழுதித் தர மாட்டேன். என்னை வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லுங்க, அவர் பேர்ல நான் வேணும்னு சொல்லாதீங்க."

 எனக்கு அழுகை வந்தது, அதை மறைக்கவும் தோன்றவில்லை. கதவு ஜன்னலைப் பார்த்தார். ஒரு பெண் சபையில் வேறு எதைச் சொல்லியிருந்தாலும் அவர் தாங்கியிருப்பார்.

உட்பிரிவு தொண்டையைக் கனைத்து, ஏற்பவர்கள் கை தூக்கலாம் என்றார்.

அக்காவின் கை உடனே எழுந்தது. ஏன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்ற கோபம் முகத்தில் இருந்தது, கை மட்டும் இறங்கவில்லை. அடுத்து உட்பிரிவு தூக்கினார். செல்லுபடியாகும் விண்ணப்பத்தை நிராகரிக்கத் தன்னிடம் காரணம் இல்லை என்று விளக்கமும் கொடுத்தார். கதவு கைகளைக் கட்டிக்கொண்டார். தலைவர் கண்ணை மூடிக்கொண்டார், இந்த முறை அது தூக்கம் இல்லை.

பிறகு நான் நினைத்தே பார்க்காதது நடந்தது. இரட்டையரில் பிஸ்கட் வைத்திருந்தவர் அதை மேசையில் வைத்துவிட்டு, மெல்லக் கை தூக்கினார். மற்றவர் அவரைப் பார்த்த பார்வையில் பதினைந்து வருடச் சிநேகம் ஆடியது. கை தூக்கியவர் யாரையும் பார்க்கவில்லை. தன் மருத்துவமனையின் பெரிய டாக்டருக்கு ஒன்பது வருடமாகத் தானும் எழுதிக்கொண்டிருப்பதாக மேசையைப் பார்த்தே சொன்னார்.

மூன்று. நான் காத்திருந்தேன். நாலாவதாக எந்தக் கையும் எழவில்லை. கதவின் முகத்தில் மறுபடி அந்த ஆறுதல் வந்தது. ஒரு மாதம் கழித்துப் புது அழைப்பு என்று குறித்துக்கொள்ளுங்கள் என்று என்னிடம் சொன்னார்.

நான் குறித்துக்கொள்ளவில்லை. குழுவில் ஏழு பேர். மதிப்பெண் போடத்தான் எனக்கு உரிமை இல்லை. உட்பிரிவைப் பார்த்தேன். அவருக்கு என் பார்வை புரிந்தது. விதிப் புத்தகத்தில் ஒரு பக்கத்தை மேலிருந்து கீழ்வரை விரலால் ஓட்டிப் பார்த்தார். அடுத்த பக்கத்தையும் ஓட்டினார். தலையை நிமிர்த்தினார்.

"கூடாதுன்னு எங்கயும் எழுதல," என்றார்.

கை கனத்தது. ஆயிரம் பேர் கையெழுத்துக்கு இடம் காட்டிய கைதான், தனக்கென்று ஒரு தடவை மேலே போவதற்கு அவ்வளவு தயங்கியது. தூக்கினேன். தோளோடு நிறுத்தாமல் முழுக்கத் தூக்கினேன். கைகளை எண்ணிச் சொல்ல வேண்டியது செயலாளரின் வேலை என்பதால் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். அக்காவிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு கையாக எண்ணினேன். கடைசியில் என் கையை அண்ணாந்து பார்த்தேன்.

"நாலு," என்றேன்.